போனில் வரும் செய்தி ரத்தசோகையைத் தடுக்குமா?

சிங்கப்பூரில் பள்ளி விட்டு வந்த பதினான்கு வயதுப் பெண் பையைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சாய்கிறாள். "ராத்திரி பூரா போன் பார்த்தா இப்படித்தான்" என்கிறார் அப்பா. 2.4 கிலோமீட்டர் ஓட்டத்தில் பாதியிலேயே அவளுக்கு மூச்சு வாங்குகிறது. "பயிற்சி போதாது" என்கிறார் உடற்கல்வி ஆசிரியர். இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். ஆனால் யாரும் கேட்காத மூன்றாவது காரணம் ஒன்று உண்டு: அவள் உடம்பில் இரும்புச்சத்து குறைந்திருக்கலாம்.

பதின்ம வயதுப் பெண்களுக்கு இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகையைப் பெரும்பாலும் தடுக்க முடியும். வந்துவிட்டாலும் சரிசெய்ய முடியும். அதற்கு வேண்டிய உணவு நம் சந்தையில் கிடைக்கிறது, பரிசோதனை நம் வட்டாரத்து மருந்தகத்தில் இருக்கிறது. அப்புறம் ஏன் இத்தனை பேர் சோர்வோடே நாளை ஓட்டுகிறார்கள்? தெரிய வேண்டிய விஷயம் தெரிய வேண்டியவரிடம் நேரத்தோடு போய்ச் சேராததுதான் பெரிய காரணம் என்பது என் எண்ணம். அந்த வேலைக்குப் போனையும் இணையத்தையும் பயன்படுத்துவதைத்தான் மின்னிலக்கச் சுகாதாரக் கல்வி என்கிறோம். அது என்ன, எப்படிச் செய்தால் பலன் தரும் என்று பார்க்கும் முன், ரத்தசோகையைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

உடம்புக்குள் நடப்பது

நுரையீரலில் இருந்து பிராணவாயுவை உடம்பெங்கும் சுமந்து செல்வது சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின். அந்த ஹீமோகுளோபினை உருவாக்க இரும்பு வேண்டும். 12 வயதைத் தாண்டிய பெண்களுக்கு ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 12 கிராமுக்குக் குறைவாக ஹீமோகுளோபின் இருந்தால் அதை ரத்தசோகை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். உலகில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் ஏறக்குறைய பத்தில் மூவருக்கு இது இருக்கிறது. இந்தியாவில் 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருந்தது.

"அது ஊர்க் கதை, சிங்கப்பூரில் சாப்பாட்டுக்கு என்ன குறை?" என்று கேட்பவர்கள் உண்டு. சாப்பாட்டின் அளவுக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. கணக்கைப் பாருங்கள். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஒரு மாதவிடாயில் 40 மில்லிலிட்டர் ரத்தம் போனால் 20 மில்லிகிராம் இரும்பு போகிறது. அதிக உதிரப்போக்கு உள்ள பெண்ணுக்கு 80 மில்லிலிட்டருக்கு மேல் போகும், அதாவது 40 மில்லிகிராமுக்கு மேல். நாம் சாப்பிடும் இரும்பிலோ தோராயமாகப் பத்தில் ஒரு பங்குதான் உடம்பில் ஒட்டுகிறது. ஆக, அந்த 20 மில்லிகிராமை ஈடுகட்ட மட்டுமே மாதத்துக்கு 200 மில்லிகிராம், அதாவது நாளுக்கு ஏழு மில்லிகிராம் போல, சாப்பாட்டில் கூடுதலாக வேண்டும். அதே நேரத்தில் அவள் வளர்ந்துகொண்டும் இருக்கிறாள். அமெரிக்காவின் பரிந்துரையில் 14 முதல் 18 வயதுப் பெண்ணுக்கு நாளுக்கு 15 மில்லிகிராம், அதே வயதுப் பையனுக்கு 11 மில்லிகிராம் என்று இருப்பது இதனால்தான். நம் வீடுகளில் பெரும்பாலும் பையனுக்குத்தான் "வளர்ற புள்ள" என்று இன்னொரு துண்டு இறைச்சி போகிறது.

இன்னொரு விஷயம். இரும்பு குறையத் தொடங்கியவுடனே ரத்தசோகை வந்துவிடாது. உடம்பு இரும்பைச் சேமிப்புக் கணக்கு மாதிரி ஒதுக்கி வைத்திருக்கிறது. அந்தச் சேமிப்பை அளப்பது ஃபெரிட்டின் என்ற பரிசோதனை. முதலில் கரைவது சேமிப்புதான். ஹீமோகுளோபின் கடைசியில்தான் இறங்கும். சேமிப்பு காலியான நிலையிலேயே சோர்வு, கவனக் குறைவு, தலைவலி, ஓடும்போது மூச்சு வாங்குதல், முடி கொட்டுதல் எல்லாம் தலைகாட்டலாம்.

சில பெண்களுக்கு விசித்திரமான ஆசை ஒன்றும் வரும். பச்சரிசியை வாயில் போட்டு மென்றுகொண்டே இருப்பார்கள். சிலர் சுண்ணக்கட்டி, சிலர் விபூதி. இங்கே வளரும் பெண்களிடம் நான் அதிகம் பார்ப்பது ஐஸ்கட்டி. குடித்து முடித்த தே ஓ லிமாவின் (எலுமிச்சைத் தேநீரின்) குவளையை விடாமல் பிடித்துக்கொண்டு, அடியில் கிடக்கும் ஐஸை ஒவ்வொன்றாகக் கடித்துத் தீர்ப்பார்கள். என் அக்கா மகள் குளிர்பதனப் பெட்டியின் ஐஸ் தட்டைத் தினமும் காலி செய்துகொண்டிருந்தாள். வீட்டில் எல்லாரும் அதைக் கெட்ட பழக்கம் என்று திட்டினார்களே தவிர, ரத்தத்தைப் பரிசோதிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஒருநாள் அவளே போனில் ஒரு சிறிய காணொளியைப் பார்த்துவிட்டு வந்து, "அம்மா, இதுக்கும் இரும்புச்சத்துக்கும் தொடர்பு இருக்காம்" என்றாள். பரிசோதித்தபோது ஃபெரிட்டின் மிகக் குறைவாக இருந்தது. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அதுதான். அரை நிமிடக் காணொளி ஒன்று செய்ததை அத்தனை பெரியவர்களும் சேர்ந்து செய்யவில்லை.

மின்னிலக்கச் சுகாதாரக் கல்வி என்பது எது?

சுவரொட்டியைப் படம் எடுத்து இன்ஸ்டகிராமில் போடுவதை இந்தப் பெயரால் அழைக்க எனக்கு மனம் வரவில்லை. தாளில் இருந்தது திரைக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். போனுக்கென்று சில தனித் திறமைகள் உண்டு: ஒருவருக்கு ஏற்ற செய்தியை அவருக்கு மட்டும் அனுப்ப முடியும், அதற்குரிய நேரத்தில் அனுப்ப முடியும், அவர் திருப்பிக் கேள்வி கேட்க முடியும், செய்ததைக் குறித்துவைக்க முடியும். இவற்றில் ஒன்றையாவது பயன்படுத்தினால்தான் அது மின்னிலக்கக் கல்வி.

வடிவங்கள் பலவிதம். குறும்படம், வாட்ஸ்அப் செய்தித் தொடர், வினாடி வினா, மாதவிடாயைக் குறித்துவைக்கும் செயலி, கேள்விக்குப் பதில் சொல்லும் அரட்டைக் கருவி, மாத்திரை நினைவூட்டல். இந்தோனேசியாவில் பள்ளி மாணவிகளுக்கு வாரம் ஒரு இரும்பு மாத்திரை தருகிறார்கள். இந்தியாவிலும் அப்படி ஒரு திட்டம் உண்டு. மாத்திரையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு விழுங்காமல் விடுவதுதான் அங்கெல்லாம் பெரிய தலைவலி. வயிறு புரட்டும், மலம் கறுப்பாகப் போகும், தோழி ஏதோ சொல்லியிருப்பாள். அங்கே போன் செய்தியின் முதல் வேலை, கறுப்பு மலம் கெடுதல் இல்லை என்று சொல்லிப் பயத்தைப் போக்குவதும் விழுங்கும் நாளை நினைவுபடுத்துவதும். சிங்கப்பூரில் பள்ளியில் மாத்திரை கொடுக்கும் முறை இல்லை. அதனால் இங்கே செய்தியின் வேலை வேறு: சாப்பாட்டை மாற்றுவது, உதிரப்போக்கைக் கவனிக்க வைப்பது, தேவையானவரைப் பரிசோதனைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது.

வசதிக்குக் குறைவில்லை. உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவரிடமும் கற்றலுக்கென ஒரு கணினியோ கைக்கணினியோ இருக்கிறது. சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் ஹெல்தி 365 செயலி நடப்பதை எண்ணுகிறது. ஹெல்த்ஹப் செயலியில் பலதுறை மருந்தகத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையின் முடிவைப் பார்க்க முடியும். 15 வயதானால் அரசாங்க இணையச் சேவைகளுக்குள் நுழைய உதவும் மின்னிலக்க அடையாளமான சிங்பாஸும் கிடைக்கும். கருவிகள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. அவற்றில் எதைச் சொல்கிறோம், யாரிடம் சொல்கிறோம், எப்போது சொல்கிறோம் என்பதில்தான் கோட்டை விடுகிறோம்.

எப்போது என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். 2026 ஜனவரி முதல் உயர்நிலைப் பள்ளிகளில் பள்ளி நேரம் முழுவதும், இடைவேளையிலும்கூட, மாணவர்கள் கைப்பேசியைப் பயன்படுத்தக் கூடாது. ஆகவே "இடைவேளையில் இதைச் சாப்பிடு" என்று காலை பத்து மணிக்கு அனுப்பும் செய்தி மாலையில்தான் கண்ணில் படும். அதனால் பயனில்லை. மறுநாள் சாப்பாடு எங்கே முடிவாகிறது? முந்தைய நாள் மாலை, பெரும்பாலும் சமையலறையில். ஏழு மணி வாக்கில் வரும் செய்திக்குத்தான் ஊறவைக்கும் கொண்டைக்கடலையை மாற்றும் வலிமை இருக்கிறது.

யாரிடம் சொல்வது?

போன் பெண்ணின் கையில் இருக்கிறது. கரண்டி வேறொருவர் கையில் இருக்கிறது. ரத்தசோகை பற்றிய மின்னிலக்கக் கல்வி பெரும்பாலும் இதை மறந்துவிடுகிறது. பதின்ம வயதுப் பெண்ணுக்கு மட்டும் பத்துக் காணொளி காட்டினால் அவளுக்கு அறிவு வளரும், வினாடி வினாவில் முழு மதிப்பெண் வரும், தட்டில் ஒன்றும் மாறாது. அம்மாவையோ பாட்டியையோ சேர்க்காமல் இந்த வேலை நடக்காது. இங்கே பல வீடுகளில் சமைப்பவர் பணிப்பெண். அவர் மியன்மாரில் இருந்தோ இந்தோனேசியாவில் இருந்தோ வந்திருக்கலாம். தமிழோ ஆங்கிலமோ படிக்கத் தெரியாதவராகவும் இருக்கலாம்.

ஆக ஒரே விஷயத்தை மூன்று விதமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெண்ணுக்கு அவள் விரும்பும் மொழியில், பெரும்பாலும் ஆங்கிலத்தில், அரை நிமிடக் காணொளி. பாட்டிக்குத் தமிழில் குரல் பதிவு. அவர் எழுத்தைத் தட்டிப் படிக்கமாட்டார், ஆனால் குரலை இரண்டு தடவை கேட்பார், தோழிகளுக்கும் அனுப்புவார். பணிப்பெண்ணுக்குப் படம்: சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் தேநீர்க் குவளை, அதன்மேல் சிவப்புக் குறுக்குக் கோடு. பக்கத்திலேயே கொய்யாத் துண்டு, பச்சைக் குறி.

செய்தி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. "இரும்புச்சத்து நிறைந்த உணவுகளை உண்டு ஆரோக்கியமாக வாழ்வீர்" என்று அனுப்பினால் யாரும் மறுப்புச் சொல்லமாட்டார்கள். யாரும் எதையும் செய்யவும் மாட்டார்கள். "நாளைக்குச் சாம்பாரா? பருப்பைக் கொஞ்சம் கெட்டியாகவே வையுங்கள். சாப்பிட்டு முடித்ததும் தே வேண்டாம், ஒரு மணி நேரம் போகட்டும். அதற்குப் பதில் கொய்யா ஒரு துண்டு." இதில் செய்ய வேண்டிய காரியம் இருக்கிறது. அதுவும் ஒரே வேளைக்கு, ஒரே வீட்டுக்கு.

சாப்பாட்டில் எதைச் சொல்லலாம்?

இரும்பு இரண்டு வகை. இறைச்சி, மீன், ஈரல் ஆகியவற்றில் இருப்பதை உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும். பருப்பு, கீரை, தானியத்தில் இருப்பது அவ்வளவு சுலபமாக ஒட்டாது. கூடவே என்ன சாப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து அது ஏறும், இறங்கும். சைவக் குடும்பங்களும், செவ்வாய் வெள்ளி விரதமும், தைப்பூச மாதக் கட்டுப்பாடும் உள்ள நம் வீடுகளுக்கு இந்த இரண்டாவது வகைதான் முக்கியம். ஆகவே அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வைட்டமின் சி கூட இருந்தால் பருப்பின் இரும்பு நன்றாக ஒட்டும். கொய்யாவில் ஆரஞ்சைவிட ஏறக்குறைய நாலு மடங்கு வைட்டமின் சி இருக்கிறது. தேக்கா சந்தையில் வருடம் முழுக்கக் கிடைக்கிறது. எலுமிச்சை பிழிந்தாலும் சரி, நெல்லிக்காய், தக்காளி, பப்பாளி ஆனாலும் சரி. மறுபக்கம், தேநீரிலும் கோப்பியிலும் உள்ள துவர்ப்புப் பொருள்கள் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் அந்த வேளையில் ஒட்டும் இரும்பு பாதிக்கும் கீழே போய்விடலாம். ரொட்டி பரோட்டாவும் பருப்புக் குழம்பும் கூடவே ஒரு தே தாரிக்கும் (நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர்) என்பது நம் உணவங்காடிப் பழக்கம். தேநீரை விடச் சொன்னால் யாரும் விடமாட்டார்கள். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கச் சொன்னால் கேட்பார்கள். பபிள் டீக்கும் இதே விதிதான்.

பருப்பையும் பயறையும் ஊறவைப்பது, முளைகட்டுவது, மாவைப் புளிக்கவைப்பது எல்லாமே இரும்பைத் தடுக்கும் ஃபைடேட் என்ற பொருளைக் குறைக்கின்றன. இட்லியும் தோசையும் அந்த வகையில் நல்லவை. இங்கே கிடைக்கும் தெம்பேயும் புளித்த உணவுதான். சோயாவில் செய்தது, மலிவானது. நம் வீடுகளில் அதை இன்னும் நிறையச் சமைக்கலாம் என்பேன். மிளகும் உப்பும் போட்டு வறுத்து, மேலே எலுமிச்சை பிழிந்தால் பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். இரும்புக் கடாயில் புளிக்குழம்போ தக்காளித் தொக்கோ செய்தால் பாத்திரத்தில் இருந்தும் கொஞ்சம் இரும்பு இறங்கும். ஒட்டாத சட்டி வந்த பிறகு அந்தக் கடாய்கள் எல்லாம் அலமாரிக்கு மேலே போய்விட்டன.

அசைவம் சாப்பிடுபவர்களுக்குக் கோழி ஈரல் நல்லது. சமைத்த 100 கிராமில் 10 மில்லிகிராம் அளவுக்கு இரும்பு இருக்கிறது. தினமும் வேண்டாம், அதில் வைட்டமின் ஏ மிக அதிகம்.

முருங்கைக்கீரையைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். சாப்பிடலாம், நல்ல கீரை. ஆனால் கீரையை மட்டும் நம்பி ஏற்கெனவே இறங்கிவிட்ட ஹீமோகுளோபினை ஏற்ற முடியாது. இதை எந்தச் செய்தியிலும் மறைக்கக் கூடாது.

மாதவிடாயைப் பேசாமல் முடியாது

பதின்ம வயதுப் பெண்ணின் ரத்தசோகையைப் பேசிவிட்டு மாதவிடாயைப் பேசாமல் விடுவது, காரணத்தை ஒளித்துவைத்துவிட்டு நோயை மட்டும் திட்டுவதாகும். எவ்வளவு போனால் அதிகம் என்பது பல பெண்களுக்குத் தெரியாது. அம்மாவுக்கும் அதிகமாகப் போயிருக்கும், அக்காவுக்கும் அப்படித்தான் போகிறது. "நம்ம குடும்பத்துல எல்லாருக்கும் இப்படித்தான்" என்ற ஒரு வரியோடு பேச்சு நின்றுவிடுகிறது. குடும்பத்தில் எல்லாருக்கும் அப்படி என்றால் அதுவே மருத்துவரிடம் சொல்ல வேண்டிய தகவல். ரத்தம் உறைவதில் பரம்பரைக் குறைபாடு இருக்கலாம். சிலருக்குப் பூப்பெய்திய முதல் சில வருடங்களில் அது வெளிப்படும்.

செயலி இங்கே உண்மையிலேயே உதவும். பெண் தனியாக, யாரும் பார்க்காமல், தன் போனில் குறித்துவைக்கலாம். நல்ல செயலியோ செய்தித் தொடரோ தேதியை மட்டும் கேட்டுவிட்டு நிற்காது. ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்குள் நாப்கினை மாற்ற வேண்டியிருந்ததா? ஏழு நாளுக்கு மேல் நீண்டதா? ஒரு வெள்ளி நாணயத்தைவிடப் பெரிய கட்டிகள் வந்தனவா? இரவில் எழுந்து மாற்ற வேண்டியிருந்ததா? இவற்றில் ஒன்றுக்கு "ஆம்" என்றாலும் அடுத்த வரியில் செய்ய வேண்டியது வர வேண்டும்: "இதை மருத்துவரிடம் காட்டு. சொல்லக் கூச்சமாக இருந்தால் இந்தத் திரையை அப்படியே காட்டினால் போதும்." பேசக் கூச்சப்படும் பெண்ணுக்கு நீட்டிக் காட்ட ஒரு திரை இருப்பது பெரிய உதவி.

இந்தத் தகவல் அவளுடையது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சமையல் குறிப்பு போகலாம், பாட்டியின் குரல் பதிவு போகலாம். பெண்ணின் உதிரப்போக்குக் கணக்கோ பரிசோதனை அறிக்கையோ போகக் கூடாது. மாமா, சித்தப்பா, ஒன்றுவிட்ட அண்ணன் எல்லாரும் இருக்கும் குழுவில் "பிள்ளைக்கு ஹீமோகுளோபின் 9தான், எல்லாரும் வேண்டிக்கொள்ளுங்கள்" என்று போட்டால், அடுத்த தடவை அவள் வாயே திறக்கமாட்டாள். செயலியைத் தேர்ந்தெடுக்கும்போதும் அது தகவலை யாருக்குக் கொடுக்கிறது என்று அமைப்புப் பக்கத்தில் பார்த்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும்.

எடை விஷயத்திலும் கவனம் வேண்டும். இந்த வயதில் பல பெண்கள் சோற்றை நிறுத்துவதும் காலை உணவைத் தவிர்ப்பதும் உண்டு. இரும்பு குறைய அதுவும் ஒரு காரணம். ஆனால் அதைத் திருத்தப்போய்க் கலோரியையும் எடையையும் எண்ணச் சொல்லும் செயலியைக் கையில் கொடுத்தால் நிலைமை மோசமாகலாம். "ஓட்டத்தில் மூச்சு வாங்காது, படிக்கும்போது கண் சொக்காது" என்று அவள் விரும்பும் பலனைச் சொல்லிச் சாப்பிட வைப்பதே நல்லது.

பொய்ச் செய்திகள்

டிக்டாக்கில் "ஏழே நாளில் ரத்தம் ஊறும்" என்று ஏபிசி ஜூஸ் காணொளிகள் ஓடுகின்றன. ஆப்பிள், பீட்ரூட், கேரட். பீட்ரூட் சிவப்பாக இருப்பது அதன் நிறமிகளால். 100 கிராம் பீட்ரூட்டில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை. மாதுளையில் அதைவிடவும் குறைவு. பேரீச்சம்பழத்தில் ஒரு மில்லிகிராம் அளவில்தான் இருக்கிறது, சர்க்கரையோ ஏராளம். சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தமாகாது என்பதை ஒவ்வொரு பாட்டிக்கும் அன்போடு சொல்ல வேண்டியிருக்கிறது. ஜூஸ் குடிப்பதால் கெடுதல் ஒன்றும் பெரிதாக இல்லை. அதைக் குடித்துவிட்டு "எல்லாம் சரியாகிவிடும்" என்று மூன்று மாதம் பரிசோதனைக்குப் போகாமல் இருப்பதுதான் கெடுதல்.

ஒரு சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். சரியான மாத்திரை எடுத்தாலும் ஹீமோகுளோபின் தெரியும்படி ஏறச் சில வாரங்கள் பிடிக்கும். ஆகவே நாள் கணக்கில் பலன் சொல்லும் காணொளியைத் தள்ளிவிடுங்கள். கடைசியில் மாத்திரை, ஜெல்லி மிட்டாய், பொடி என்று எதையாவது விற்கும் காணொளியையும் தள்ளிவிடுங்கள். பரிசோதனை என்ற சொல்லே வராத காணொளியை யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

பரிசோதனையும் அதற்கப்புறமும்

மேலே சொன்ன அறிகுறிகள் இருந்தால் பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம். ஹீமோகுளோபின் மட்டும் போதுமா, ஃபெரிட்டினும் பார்க்கலாமா என்று கேளுங்கள். மருத்துவரே சொல்லாமல் இரும்பு மாத்திரை வாங்கி விழுங்க வேண்டாம். இதற்கு முக்கியமான காரணம் ஒன்று உண்டு.

ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை ரத்த நோய் தலசீமியா. நம் ஊரில் தலசீமியா மரபணுவைச் சுமப்பவர்கள் இனபேதமில்லாமல் இருக்கிறார்கள். அவர்களுக்கு நோய் எதுவும் இருக்காது, ஆனால் சிவப்பணுக்கள் சிறியதாக, ஹீமோகுளோபின் சற்றுக் குறைவாக இருக்கும். அறிக்கையைப் பார்த்தால் இரும்புக் குறைவு மாதிரியே தோன்றும். இரும்புக் குறைவு இல்லாமல் வெறும் தலசீமியா மரபு மட்டும் இருப்பவருக்கு இரும்பு மாத்திரை பலன் தராது. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தனிப் பரிசோதனைகள் உண்டு. கேகே மகளிர், குழந்தைகள் மருத்துவமனையில் தேசிய தலசீமியா பதிவகமே இயங்குகிறது. பிற்காலத்தில் திருமணம், பிள்ளைப்பேறு என்று வரும்போதும் பயன்படும் தகவல் இது. ரத்தசோகை பற்றிய செய்தித் தொடர் எதுவானாலும் இந்தப் பகுதி இல்லாமல் இருந்தால், சிங்கப்பூரைப் பொறுத்தவரை அது அரைகுறைதான்.

மருத்துவர் மாத்திரை எழுதிக்கொடுத்தால் நினைவூட்டலின் வேலை தொடங்குகிறது. சிலருக்குத் தினமும், சிலருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் என்று எழுதுவார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் என்பது மறதியாலோ சிக்கனத்தாலோ அல்ல. ஒரு மாத்திரை உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற பொருளைக் கூடுதலாகச் சுரக்கிறது. ஏறக்குறைய ஒரு நாளைக்கு அது அடுத்த மாத்திரையின் இரும்பு உள்ளே போவதைக் குறைக்கிறது. இடைவெளி விட்டால் ஒவ்வொரு மாத்திரையில் இருந்தும் கூடுதலாக ஒட்டும், வயிற்றுத் தொல்லையும் குறையலாம். போனில் அலாரம் வைக்கும்போது நாளையும் சரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். மாத்திரையைப் பாலோடோ தேநீரோடோ விழுங்க வேண்டாம். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். இரும்பு மாத்திரையைக் குழந்தை அதிகமாக விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

பாதியில் நிறுத்தும் இடம் ஒன்று உண்டு, நினைவூட்டல் அங்கேதான் மிகவும் தேவைப்படும். ஒரு மாதத்தில் சோர்வு குறையும், ஐஸ் ஆசை போய்விடும், ஹீமோகுளோபினும் ஏறியிருக்கும். "சரியாகிடுச்சே" என்று மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். சேமிப்பு இன்னும் நிரம்பியிருக்காது. ஹீமோகுளோபின் சரியான அளவுக்கு வந்த பிறகும் சேமிப்பை நிரப்ப இன்னும் சுமார் மூன்று மாதம் தொடரச் சொல்வது வழக்கம். உங்கள் மருத்துவர் எவ்வளவு காலம் என்கிறாரோ அவ்வளவு காலத்துக்கும் அலாரம் அடிக்கட்டும். மறுபரிசோதனைக்கான தேதியை மருந்தகத்தை விட்டு வெளியே வருமுன்பே போன் நாட்காட்டியில் பதிந்துவிடுங்கள், பெண்ணின் போனிலும் அம்மாவின் போனிலும். அந்தத் தேதியில் அளவு ஏறாமல் இருந்தால் "மாத்திரை ஒழுங்காச் சாப்பிட்டியா?" என்ற கேள்வியோடு நிறுத்தாமல், உதிரப்போக்கு, தலசீமியா, குடல் பிரச்சினை, வைட்டமின் பி12 குறைவு ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.